வேகமாகப் பேசினால் அவளுக்குப் புரியாது

"அம்மாதோ பாட்டு ஈ இண்ட்லோ மன மாட்ட கூடா சச்சிப்போயிந்திரா. வச்சினதி சம்பேசிந்தி." அம்மாவோடு சேர்ந்து இந்த வீட்டில் நம்ம பேச்சும் செத்துப்போச்சுடா, வந்தவ கொன்னுட்டா என்று ஹாலில் உட்கார்ந்து சாரதாமணி தன் தம்பியிடம் மறுபடியும் சொன்னாள். அடுக்களையில் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த உஷாராணி மறுபடியும் அதைக் கேட்டாள். கொன்னுட்டாளாம். கத்தி கையில் இருக்கிறவளைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? வந்தவளாம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறாள், இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது, வழியில் எங்கேயோ பஸ் பழுதாகி நிற்கிறது. அக்காக்காரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, சாப்பிட்டு, உஷாராணி வைத்த கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, முகம் கழுவி, சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்த பிறகு தொடங்கியது இது. தம்பி, அதாவது உஷாராணியின் புருஷன் வரதராஜ், பம்ப் செட் கம்பெனியில் நாற்பது ஆளைக் கட்டி மேய்க்கிற மனுஷன், இதற்கு என்ன சொன்னார் என்று அவள் காதைத் தீட்டினாள். "சரே அக்கா" என்றார். சரி அக்கா. எது சரி? உன் பெண்டாட்டி கொலைகாரி என்றாலும் சரே. கடாயில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருந்தது. மாவில் தோய்த்த வில்லையைப் போட்டால் சொய்ங் என்று பெரிய சத்தமாக எழும்பும், ஹால் பேச்சு அப்படியே முழுகிப்போகும். இரண்டு வில்லை போட்டதற்கே அரைப் பேச்சு போய்விட்டது, நடுவில் மிருதுளா என்று மட்டும் காதில் விழுந்தது. அவள் பெற்ற பெண்ணின் பெயர். அவள் அடுப்பை அணைத்தாள். பஜ்ஜி ஊறட்டும். மாவு நீர்த்துப் போனால் போகட்டும். இந்த வீட்டில் அவள் பெண்ணைப் பற்றிய சேதி அவளுக்கு எண்ணெய் ஆறினால்தான் கிடைக்கும் என்றால் எண்ணெய் ஆறட்டும்.

இப்போது எழுந்து காபியோடு உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கதவுத் திரை அசைந்த உடனே இரண்டு பேர் வாயிலும் தெலுங்கு நின்று தமிழ் வந்துவிடும், "வா உஷா, உட்காரு, வேலை முடிஞ்சுதா?" என்று. விருந்தாளிக்கு எடுத்துவைக்கிற நல்ல டம்ளர் மாதிரி அவளுக்கென்று ஒரு தமிழ் வைத்திருக்கிறார்கள். விருந்தாளியே குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, இந்த வீட்டுக் கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளினாலும் டம்ளர் மாறாது. வரதராஜ் போனில் பேசுவதை அவள் எத்தனை தரம் கவனித்திருக்கிறாள். யாரோ சாத்தூர்க்காரன், ஏதோ காஸ்டிங் விஷயம், தமிழில் விறைப்பாகப் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் அவன் நம்மவன் என்று தெரிந்துவிட்டால் போதும், மடித்துக் கட்டின வேட்டியை இறக்கி விடுகிற மாதிரி குரல் தளர்ந்து தெலுங்கில் இறங்கும், சிரிப்பு வரும், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு, அது அவளிடம் ஒருநாளும் வந்ததில்லை. அவளும் நாயுடு வீட்டுப் பெண்தான், அதில் ஒன்றும் குறையில்லை, ஜாதகமும் கோத்திரமும் பார்த்துத்தான் கட்டினார்கள். ஆனால் அவள் அப்பா குன்னூர் எஸ்டேட்டில் உத்தியோகம். அவருடைய அப்பா காலத்திலேயே வீட்டில் தெலுங்கு உதிர்ந்துபோயிற்று, தமிழும் இங்கிலீஷும்தான். அதைச் சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்தார்கள், மறைக்கவில்லை. "அதுக்கென்ன, நாலு மாசத்துல தன்னால வந்துரும்" என்று அன்றைக்குச் சொன்னதும் இதே சாரதாமணிதான். தன்னால வந்துரும்! கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பந்தி நடந்தபோது, எஸ்டேட் டாக்டர் வீட்டம்மாளிடம் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை, பட்டுப்புடவையும் வேர்வையுமாக நின்று, "மீரந்தரு போஞ்சேசாரா?" எல்லாரும் சாப்பிட்டீங்களா என்று, அவ்வளவுதான், ஒரே ஒரு வரி, அவள் கேட்டாள். சாரதாமணி வாயிலிருந்த ரசம் புரையேறச் சிரித்தாள். "அய்யோ, விஜயவாடா ரேடியோ!" ஆந்திராக்காரர்கள் நியூஸ் வாசிக்கிற தெலுங்காம். இலையில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். பிறகு அதுவே பேராகிவிட்டது. வளைகாப்பில் ரேடியோ, மிருதுளாவின் காதுகுத்தில் ரேடியோ, "எங்க ரேடியோ? ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்களா?" அன்று ராத்திரி வரதராஜ், பாவம் பார்த்துத்தான், தலையைத் தடவி, "உனக்கெதுக்கு இதெல்லாம், விடு, நீ தமிழ்லயே பேசு" என்றார். இந்த வீட்டில் அவளுக்கு விழுந்த அடியிலேயே அதுதான் பெரிய அடி, அது மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது. சரி, தமிழிலேயே பேசுகிறேன் என்று அன்றைக்கு வாயை மூடினவள் திறக்கவில்லை. திமிர் என்றார்கள். கான்வென்ட் திமிர். ஆமாம், திமிர்தான்.

வாயை மூடத்தான் அவளுக்குச் சொல்லியா தரவேண்டும்? கான்வென்டில் சிஸ்டர் கிளாடிஸ் ஒரு மரக்கட்டை வைத்திருந்தாள், தோசைக் கரண்டிப் பிடி அளவுக்கு. இங்கிலீஷ் அல்லாத சொல் எவள் வாயில் வந்ததோ அவள் கையில் அந்தக் கட்டை. அவள் அதைத் தொலைக்கவேண்டுமென்றால் இன்னொருத்தி தப்பிப் பேசுவதைக் காதால் பிடித்து அவளிடம் கொடுக்கவேண்டும். சாயங்கால மணி அடிக்கும்போது எவள் கையில் இருக்கிறதோ அவளுக்குச் சரளைக்கல்லில் முட்டி. ஆகையால் அங்கே படித்த பெண்கள் பேசப் படித்தார்களோ இல்லையோ, ஒட்டுக்கேட்க நன்றாகப் படித்தார்கள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி "ஐயோ" என்றால் உஷாராணிக்கு அடுத்த கட்டடத்தில் கேட்கும். அந்தக் காதோடு வந்தவளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, இந்த வீட்டு மேதாவிகள் கண்டுபிடித்த யுக்தி என்ன தெரியுமா, வேகமாகப் பேசுவது. மெதுவாகப் பேசினால் அவளுக்கு அங்கங்கே புரிந்துவிடுமாம், வேகமாகப் பேசினால் புரியாதாம். யார் முதலில் சொன்னார்களோ, குடும்பம் முழுக்க அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டது. அவள் பக்கத்தில் இருக்கும்போது ரகசியம் பேசவேண்டுமென்றால் குரலைத் தாழ்த்த மாட்டார்கள், வெளியே போய்ப் பேச மாட்டார்கள், ரயில் மாதிரி கடகடவென்று ஓட்டுவார்கள். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவளுக்கு அந்த ரயிலின் ஒவ்வொரு பெட்டியும் தெரியும். அவள் நகை எத்தனை பவுன் கம்மி, அவள் ரசத்தில் என்ன குறை, அவள் ஏன் இரண்டாவது பெற்றுக்கொள்ளவில்லை, அத்தனையும் முகத்துக்கு நேரே. அவளும் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. சில நாள் அப்படியே அந்த வெண்டைக்காயோடு சேர்த்து... சரி, வேண்டாம். இப்போதும் ஹாலில் ரயில் கிளம்பிவிட்டது. கடகட. அவள் மாவுக் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், கடலைமாவு விரலில் காய்ந்து இழுத்தது, வாழைக்காய்ப் பிசின் உள்ளங்கையில் கறுத்துக்கொண்டிருந்தது.

கோவில்பட்டிக்காரர்கள். பையன் நூல் மில் பார்க்கிறான், ஒரே பையன், பேர் நரேந்திரன், சாரதாமணியின் வீட்டுக்காரருக்கு ஒருவகையில் உறவு. வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். இதுவரை உஷாராணிக்கும் தெரியும், தமிழில் சொல்லியிருந்தார்கள். தமிழில் சொல்லாதது இப்போது வந்தது. பையனின் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வியே பெண்ணுக்கு நம்ம பேச்சு வருமா என்பதுதானாம். எங்கள் வீட்டில் அடுக்களை முதல் சாமி அறை வரை தெலுங்குதான், மருமகள் வந்து வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றாளாம். போன வருஷம் வந்த ராஜபாளையத்து வரன் எதனால் தட்டிப்போச்சு, பெரியவர் "ஏமம்மா, பாகுன்னாவா?" என்று கேட்க மிருதுளா "நல்லாருக்கேன் அங்கிள்" என்றாளே, அதனால்தானே? அதனால் இந்தத் தடவை சாரதாமணி தினமும் போனில் மிருதுளாவுக்குப் பத்து வாக்கியம் சொல்லித் தருவாள். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க, அத்தை சௌக்கியமா. பொண்ணு கெட்டிக்காரி, பிடிச்சுக்குவா. அது சரி. ஆனா அம்மாக்காரி? அந்தம்மா அம்மாக்காரிகிட்டப் பேச்சுக் குடுத்தா? ஹாலில் சோபா கிறீச்சிட்டது. பிறகு சாரதாமணி, ஏதோ பெரிய கணக்கைப் போட்டு விடை கண்டவள் மாதிரி, "ஆமெகி மௌன விரதமனி செப்பேத்தாம்" என்றாள். அவளுக்கு மௌன விரதம்னு சொல்லிடலாம். ஞாயித்துக்கிழமை பெருமாளுக்கு மௌன விரதம், பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கா, கையெடுத்துக் கும்பிட்டு நிப்பா, சிரிப்பா, போதும். வரதராஜ் இதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு, வயிற்றுக்குள்ளிருந்து வருகிறதே, அதே சிரிப்பு. "சரே அக்கா." உஷாராணிக்குக் காது மடல் சுட்டது, அடுப்பு அணைந்திருந்தும். பெற்றவளை ஊமையாக நிறுத்தி வைக்கப்போகிறார்கள். பெருமாளையும் இதில் இழுத்துவிட்டாயிற்று. மௌன விரதமாம்! அதுதான் இருபத்தேழு வருஷமாக நடக்கிறதே, இன்னும் எதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை?

பேச்சைக் கொன்றவளாம். சாரதாமணியின் பேரன்கள் அமெரிக்காவில் என்ன தெலுங்கில் தாலாட்டா கேட்கிறார்கள்? போனில் "ஹாய் கிராண்ட்மா" என்று இரண்டு வார்த்தை, அதற்கே இவள் பூரித்துப்போய் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறாள். அங்கே யார் கொன்றது? அதைக் கேட்க ஆளில்லை. மிருதுளாவுக்கு நீ ஏன் சொல்லித் தரவில்லை என்று இவளைக் கேட்பார்கள். தரவில்லைதான். எனக்குக் கொடுக்காத சாமானை நான் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது? அப்பன்காரர் கொடுத்திருக்கலாமே, அவர் வீட்டுச் சொத்துதானே. ஆனால் அவருக்குக் கம்பெனி. சாரதாமணிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவள் அம்மாவின் கடைசி ஒன்றரை வருஷம். இடுப்பு உடைந்து படுத்தபின் மாமியார்க் கிழவியின் வாயில் தமிழே நின்றுவிட்டது. மகள் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருட்டுமுன் காரில் ஏறிவிடுவாள். மற்ற நேரமெல்லாம் அந்த அறையில் அத்தையும் உஷாராணியும். முதல் வாரம் கிழவி தெலுங்கில் திட்டினாள், தண்ணி சுடுது, துணி ஈரம், முதுகில் கை வைக்காதே. இவள் தமிழில் பதில் சொன்னாள். ஒருநாள் பின்னேரம், கஞ்சியை மூன்றாம் முறையாகத் துப்பின கிழவியைப் பார்த்து, கோபத்தில், யோசிக்காமல், "தாகுதாரா லேதா?" என்று கத்தினாள், குடிக்கிறீங்களா இல்லையா. கிழவி கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். குடித்தாள். சிரிக்கவில்லை. ரேடியோ என்று சொல்லவில்லை. அது முதல் கதவைச் சாத்திக்கொண்டால் தெலுங்குதான். படுக்கைப் புண்ணைப் பற்றித் தெலுங்கு, மூத்திரத்தைப் பற்றித் தெலுங்கு, கிழவி சின்ன வயசில் மாமியாரிடம் வாங்கிய சூட்டைப் பற்றித் தெலுங்கு, பிறகு வசவு, எத்தனை வகை வசவு, காரமாக, வரிசை வரிசையாக, தன் மகளைப் பற்றியும் சேர்த்து. இரண்டு பேரும் ஜோடியாகத் திட்டினார்கள். உஷாராணியின் தெலுங்கு அது. கூடத்துக்கு ஆகாத, சபைக்கு வராத தெலுங்கு, டெட்டால் வாசனை அடிக்கிற தெலுங்கு. வரதராஜ் கம்பெனியிலிருந்து வந்து கதவைத் தட்டினால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அத்தை ஏன் மூடினாளோ, இவளுக்குத் தெரியாது. இவள் மூடியது ஆத்திரத்தில். அவர்களாகக் கேட்கட்டும் என்று. கேட்கவில்லை. மனுஷன் ஒருநாளாவது, என் அம்மாவோடு நீ எந்த பாஷையில் ராவும் பகலும் கிடக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். ஒன்றரை வருஷம் சைகையிலேயா பெட்பேன் வைத்து எடுத்தாள்? அது கூடவா ஒரு ஆணுக்குத் தோன்றாது?

ஹாலில் குரல் மாறியது. வேகம் இன்னும் கூடியது, அப்போதே தெரிந்துவிட்டது, வருவது நல்ல சேதி இல்லை. "பெள்ளி அயினாக்க உத்யோகம் மானேயாலண்ட." கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடணுமாம். உஷாராணி அடுப்பு மேடைக் கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். கிண்ணம் சரிந்து மாவு அவள் விரலை நனைத்து ஈரக் கல்லில் பரவியது. வரதராஜ் ஏதோ முணுமுணுத்தார், அவர் முணுமுணுத்ததும் அவளுக்குப் புரிந்தது, பெங்களூர்ல நல்ல வேலையாச்சே அக்கா, போன மாசம்தானே பிரமோஷன் வந்துது. வந்தால் என்ன, கோவில்பட்டியில் மில் இருக்கிறது, வீடு இருக்கிறது, அந்தம்மாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். "இப்புடு பிள்ளகு செப்பொத்து. தர்வாத செப்புகொந்தாம்." இப்பப் பொண்ணுகிட்டச் சொல்லாதே, அப்புறம் சொல்லிக்கலாம். அப்புறம் என்றால் எப்போது? பத்திரிகை அடித்த பிறகா, தாலி ஏறின பிறகா? இன்று காலையில்தான் மிருதுளா போன் பண்ணினாள். ஹெல்மெட்டைக் கழற்றின மூச்சோடு, "அம்மா, எனக்கு அப்பாவும் அத்தையும் சொல்றதெல்லாம் வேண்டாம், நீ விசாரிச்சியா? என்னை வேலையை விடச் சொல்வாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. நீ ஓகேன்னா நான் வந்து உட்கார்றேன்" என்றாள். விசாரிக்கிறேன் என்று இவள் சொன்னாள். விசாரித்தாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு, திருட்டுத்தனமாக, சிஸ்டர் கிளாடிஸ் கற்றுக்கொடுத்தபடி விசாரித்தாயிற்று. இதைப் போனில் மகளிடம் சொன்னால் என்ன ஆகும்? மிருதுளா அப்பாவைக் கேட்பாள். அப்பா, யார் சொன்னது அப்படி என்பார். அம்மா சொன்னாள். அம்மாவுக்கு எப்படித் தெரியும், யாராவது சொன்னார்களா, அவளுக்கு அரைகுறையாக ஏதாவது காதில் விழுந்திருக்கும், தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள் என்பார்கள். அழகாக, தமிழில் சொல்வார்கள். இருபத்தேழு வருஷமாக வாய் திறக்காமல் இருந்ததற்கு இதுதான் கூலி, காதால் கேட்டதைக்கூடக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஹாலில் வரதராஜ் கேட்டார். நல்லவேளை, கேட்கவாவது செய்தார். "தல்லிகி?" அம்மாக்காரிக்கு? உஷாராணிக்கு, அக்காக்காரி எதுவும் சொல்வதற்கு முன்பே இவர் மறித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை, எங்கிருந்து வருகிறதோ இந்த ஆசை. சாரதாமணி மறுபடி சோபாவில் சாய்ந்திருக்கவேண்டும், வளையல் குலுங்கியது. "தானிகேமி தெலுசு?" அவளுக்கு என்ன தெரியும்? தானிகி. அஃறிணை மாதிரி, ஆட்டைச் சொல்கிற மாதிரி. பதில் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது. "சரே" என்றார் வரதராஜ்.

கையைக்கூடக் கழுவாமல் திரையை விலக்கிக்கொண்டு அவள் ஹாலுக்குள் போனாள். உடனே சாரதாமணி, "வா உஷா, என்ன, பஜ்ஜி வாசனையே காணோம்?" என்றாள். தமிழ். நல்ல டம்ளர். உஷாராணி பள்ளிக்கூட மேடையில் ஏறினவள் மாதிரி நின்றாள், வயசு ஐம்பத்திரண்டு, வெட்கக்கேடு. சிரிக்கப்போகிறார்கள் என்று தெரியும், சிரிப்பு வரட்டும், சிரிப்பைத் தாண்டிப் பேசவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சபைத் தெலுங்கு வராது என்பதால் தனக்குத் தெரிந்த தெலுங்கில், கிழவியின் அறைத் தெலுங்கில், நிதானமாக, துளிகூட வேகமில்லாமல் சொன்னாள். "மிருதுளா பெள்ளி விஷயம் நன்னு அடிகி செய்யண்டி. உத்யோகம் மானேயாலனி பிள்ளகி இப்புடே போன் சேசி செப்பண்டி." என்னைக் கேட்டுச் செய்யுங்கள். வேலையை விடணும் என்பதைப் பொண்ணுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சிரிப்புக்குப் பதில் அவளிடம் இருந்தது. சாரதாமணியின் முகம் முதலில் வெளுத்து, பிறகு எங்கிருந்தோ ஒரு மலர்ச்சியைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டது. "அட! வரதா, கேட்டியாடா! உஷா பேசறா பாரு! அப்படியே அம்மா பேசற மாதிரியே இருக்கு, எனக்கு மயிர்க்கூச்சே எடுத்திருச்சு! இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாளும் கமுக்கமா இருந்தே, கள்ளி? அப்பறம் என்ன கவலை, ஞாயித்துக்கிழமை நீயே முன்னால நின்னு வாங்கன்னு கூப்பிடு, அந்தம்மா அசந்துருவா." வரதராஜ் மனைவியை ஏதோ வாடகைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எப்ப கத்துக்கிட்டே?" என்றார். தமிழில். இரண்டு பேருமே தமிழில். கேட்டது என்ன, பாராட்டுவது எதை? பாட்டுப் போட்டியில் பாடினவளுக்குக் கைதட்டுகிற மாதிரி. சொன்ன சொல்லை அப்படியே தரையில் போட்டுவிட்டு, அதைச் சொன்ன நாக்கை மட்டும் எடுத்து அழகு பார்க்கிறார்கள். மாவு அவள் விரல் நுனியிலிருந்து மொசைக்கில் ஒரு சொட்டு விழுந்தது. சாரதாமணியின் கண் அந்தச் சொட்டுக்குப் போயிற்று. வரதராஜின் கண், டீபாயில் கிடந்த தன் போனுக்கு ஒரு தரம் போய், அங்கே நிற்கமாட்டாமல் ஜன்னலுக்குப் போயிற்று. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவள் நின்றாள். பிறகு புருஷன் முகத்தை மட்டும் பார்த்து, முன்பைவிட மெதுவாக, மறுபடியும் கேட்டாள்.

"பிள்ளகி போன் சேசி செப்பண்டி."